பதினாறு படிகளும் மூன்று வாளித் தண்ணீரும்

1

இன்று டிசம்பர் முப்பத்தொன்று. எனக்குக் காலை, திருத்தணிக்கு மாலை. அக்கா ஒன்றன்பின் ஒன்றாக வீடியோ அனுப்பிக்கொண்டிருக்கிறாள். மலைப்படி முழுக்கத் தலைகள். தண்ணீர் ஊற்றிப் படியைக் கழுவுகிறார்கள், மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிறார்கள், பூப்போட்டுச் சூடம் ஏற்றுகிறார்கள். கடைசி வீடியோவில் அக்காவே மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறாள். "இந்த வருசம் கூட்டம் தாங்கல தனம். கால் வைக்க எடமில்ல. நீ உன் ஊட்டுப் படிக்குப் பண்ணிட்டியா இல்லியா?"

நான் பதில் அனுப்பவில்லை. இரண்டு வருடமாக நான் படி பூஜை செய்வதில்லை. குளிர் அதிகம் என்று அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கனடாவில் இருப்பவள் குளிர் என்று சொன்னால் ஊரில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருத்தணி மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி, வருடத்தின் நாளுக்கு ஒன்றாக. வருடத்தின் கடைசி நாளில் ஒவ்வொரு படிக்கும் பூஜை நடக்கும். எங்கள் வீடு படி தொடங்கும் இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. அம்மா எங்கள் ஒவ்வொருவரின் பிறந்த நாளுக்கும் உரிய படியைக் கீழிருந்து எண்ணிக்கொண்டே ஏறுவாள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தவறிவிடும். ஒரு வருடம் என் படி என்று நினைத்து வேறு எவருடைய படிக்கோ மஞ்சள் பூசிவிட்டு, "போவுது போ, யாரோ ஒருத்தங்க நல்லா இருக்கட்டும்" என்று இறங்கி வந்துவிட்டாள். எந்தப் படியைக் கழுவ யாரிடம் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றியதில்லை. அதுதான் வினை.

2

நாங்கள் இருப்பது டொராண்டோவிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத் தூரத்தில். கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு என்று அடுக்கிய நீண்ட வரிசை. மேல் வீடுகளுக்கு, இரண்டுக்கு ஒன்றாக, வெளிப்பக்கத்தில் திறந்தவெளியில் சிமெண்டுப் படி. எங்கள் படிக்கு எண்ணிக்கை பதினாறு. ஏறினால் மேலே ஒரு சின்னத் தளம். இடது கதவு எங்களுடையது. வலது கதவு லூர்தெஸ் என்ற போர்த்துகீசிய அம்மாளுடையது. நம் பக்கம் லூர்து மேரி என்று வைக்கிறார்களே, அதே பெயர்தான். நான் லூர்தம்மா என்றே கூப்பிட்டேன். தனலட்சுமி அவர் வாயில் நுழையாது. எனக்கு அவர் வைத்த பெயர் டானா.

இந்த மாதிரிக் குடியிருப்புக்கு இங்கே காண்டோ என்று பெயர். கதவுக்கு உள்ளே இருப்பது நமது. கதவின் வெளிப்பக்கம், படி, கைப்பிடி, கூரை, புல்தரை எல்லாம் பொது. அந்தப் பொதுவைக் கட்டிக் காக்க உரிமையாளர்கள் சேர்ந்த ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு போர்டு, போர்டுக்கு ஒரு மேனேஜர், எல்லோருக்கும் மேலே ஒரு வக்கீல். எங்கள் ஊரில் பொது என்றால் எனக்கும் அதில் பாத்தியதை உண்டு என்று அர்த்தம். இங்கே பொது என்றால் கை வைக்காதே என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சங்கத்திலிருந்து நான்கு கடிதங்கள் வர வேண்டியிருந்தது. முதல் கடிதம் கோலத்துக்கு. இரண்டாவது மாவிலைத் தோரணத்துக்கு. மூன்றாவது வாசலில் கிடந்த செருப்புகளுக்கு. நான்காவது, கைப்பிடியில் துணி விரித்து நான் காயவைத்த வடகத்துக்கு. "பொதுப் பகுதியில் உணவுப் பொருள் உலர்த்துதல்" என்று தலைப்புப் போட்டு, விதி எண்ணோடு எழுதியிருந்தார்கள். என் கணவர் சேகர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "வடகத்துக்கு வக்கீல் நோட்டீசா" என்று சிரித்தார்.

அக்கா அரக்கோணம் ரோட்டில் ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கிறாள். அங்கேயும் சங்கம் உண்டு. மோட்டார் போட்டது யார், மொட்டை மாடிச் சாவி யாரிடம் என்று மாதம் ஒரு சண்டை. எல்லோரும் மாடிப்படியில் நின்று கத்துவார்கள். பிறகு யார் வீட்டிலாவது கல்யாணப் பத்திரிகை வந்தால் சண்டை முடிந்துவிடும். இங்கே கத்துவதே கிடையாது. எதிர் வீட்டுக்காரர் காலையில் கை ஆட்டிச் சிரித்துவிட்டுப் போவார், மாலையில் அவர் போட்ட புகார் கடிதமாக வரும்.

பிறகு நானே அந்தக் கடிதங்களை எழுதுகிறவளாக ஆனேன். வருடாந்தரக் கூட்டத்தில், படி விளக்கு எப்போது எரியும் என்று கேட்கக் கையைத் தூக்கினேன். அந்த நேரத்தில் செயலாளர் பதவிக்கு யார் தயார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்களாம். என் ஆங்கிலம் அப்போது அந்த லட்சணத்தில் இருந்தது. கைதட்டினார்கள், நானும் கைதட்டினேன். அப்படிச் செயலாளர் ஆனவள் ஏழு வருடம் இருந்துவிட்டேன். கொடுமைப்பட்ட மருமகள்தான் நாளைக்குப் பொல்லாத மாமியார் ஆவாள் என்பார்கள். பூந்தொட்டி வைத்தவருக்குக் கடிதம், மிதியடி போட்டவருக்குக் கடிதம். ஆனால் டிசம்பர் முப்பத்தொன்று மாலை என் பதினாறு படிக்கும் நானே மஞ்சள் குங்குமம் வைத்துச் சூடம் காட்டுவேன். அதற்கு மட்டும் அனுமதி கேட்கவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம்.

3

லூர்தம்மாவுக்கு அந்தப் பூஜை பிடிக்கும். அவர் பிறந்தது கடல் நடுவே ஒரு தீவில். அவர்கள் ஊரிலும் நேர்ச்சை இருந்தால் கோவில் படியை முழங்காலால் ஏறுவார்களாம். முதல் வருடம் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, புகார் எழுதப் போகிறார் என்று நான் பயந்துகொண்டிருக்கும்போதே, உள்ளே போய்க் கண்ணாடிக் குவளையில் ஒரு மெழுகுவத்தி ஏற்றி எடுத்துவந்து மேல் படியில் வைத்தார். அதிலிருந்து எல்லா வருடமும் அப்படித்தான். கணவர் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. எண்பதை நெருங்கிய வயது. இறைச்சி போடாமல் தனியாக எனக்கென்று கீரை சூப் செய்து கொடுப்பார். நான் எலுமிச்சம் சாதம் கொடுப்பேன். என் மகள் பிருந்தா சின்ன வயதில் பள்ளிவிட்டு வந்து, நான் வேலையிலிருந்து திரும்பும்வரை இருந்தது அவர் வீட்டில்தான். இருபது வருடப் பழக்கத்தில் அவரை நான் ஒரு தடவைகூட அந்நியமாக நினைத்ததில்லை.

பிருந்தாவுக்கு இருபத்திரண்டு ஆனபோது வீட்டைவிட்டுப் போனாள். சண்டை என்று பெரிதாக எதுவும் இல்லை. இங்கே பிள்ளைகள் போவது அப்படித்தான், ஓட்டை வாளி சொட்டிச் சொட்டிக் காலியாவதைப் போல. முதலில் தமிழ் போயிற்று, பிறகு சனிக்கிழமைச் சாப்பாடு போயிற்று, பிறகு ஒரு நாள் தோழியோடு வீடு எடுத்திருப்பதாகக் குறுஞ்செய்தி வந்தது. எட்டு மாதம் முகத்தைக் காட்டவில்லை. நான் அழைத்தால் எடுக்கவில்லை. அவள் புத்தாண்டுக்கு வீட்டுக்கு வந்தால் முறைப்படி படி கழுவித் தேங்காய் உடைக்கிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். அதுவரை ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் பொட்டு வைப்பதோடு சரி. ஊரில் கழுவாமல் பூஜை கிடையாது. அந்தக் குறை எனக்கு மனதில் இருந்துகொண்டே இருந்தது.

டிசம்பர் முப்பதாம் தேதி பிருந்தா பையோடு வந்து நின்றாள். முருகன் தன் பங்கைச் செய்துவிட்டான்.

4

மறுநாள் பகலில் பனியே இல்லை. லேசான சாரலும் மத்தியானத்தோடு நின்று தரை காய்ந்துவிட்டது, குளிரும் அவ்வளவாக இல்லை. மாலையில் நான் வாளியில் மஞ்சள் தண்ணீர் கலப்பதைப் பார்த்து சேகர், "இன்னாத்துக்கு வாளி? துணியால தொடச்சி உடு, போதும்" என்றார்.

"வேண்டுதல்ங்க. துணியால தொடச்சா கணக்குல வராது."

"ஊர்ல வெயிலு. ஊத்துனா அஞ்சி நிமிசத்துல காஞ்சிடும். இங்க அப்பிடியா?"

அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டிய வீட்டுப் பிள்ளை அவர். பத்து வார்த்தை பேசினால் ஒன்பது வீண் என்று நினைக்கிற ஆள். அன்றைக்கு மட்டும் இரண்டாவது முறையும் சொன்னார். நான் கேட்கவில்லை. மேல் படியிலிருந்து ஊற்றினேன். மூன்று வாளி. தேங்காயைக் கடைசிப் படியில் உடைத்தேன், இளநீர் தெறித்து ஓடியது. பிருந்தா கதவில் சாய்ந்து போனில் படம் எடுத்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு என் பிள்ளை என் வாசலில் நிற்கிறாள் என்ற நினைப்பில் எனக்குக் கண்ணெல்லாம் நீர். லூர்தம்மா தன் மெழுகுவத்தியை வைத்துவிட்டு, ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "தண்ணீர் அதிகம் டானா" என்றார். "காய்ந்துவிடும்" என்றேன்.

காயவில்லை. விடிவதற்குள் குளிர் இறங்கி, படியில் நின்ற நீரெல்லாம் கண்ணாடியாக உறைந்துவிட்டது. காலை ஏழரைக்கு மாதா கோவில் பூசைக்கென்று லூர்தம்மா கதவைத் திறந்த சத்தம் கேட்டது. அடுத்த சத்தத்தை நான் எழுதவில்லை.

கீழே படியடியில் கிடந்தார். ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. நான் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினேன், ஏனென்றால் நிற்க முடியவில்லை. போர்வையைப் போர்த்தினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, பூசைக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொன்னார். ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப் போனபிறகு கடைசிப் படியைப் பார்த்தேன். பனிக்குள்ளே மஞ்சள் நிறம் தெரிந்தது. சேகர் உப்பு மூட்டையை எடுத்துவந்து படி முழுக்கக் கொட்டினார். மத்தியானத்துக்குள் எல்லாம் கரைந்து ஓடிவிட்டது.

5

மூன்றாம் நாள் போர்டு அவசரமாகக் கூடியது, கணினித் திரையில். ஐந்து உறுப்பினர்கள், மேனேஜர், வக்கீல். லூர்தம்மாவின் மகன் டோனி சங்கத்துக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருந்தான். வக்கீல் பொறுமையாக விளக்கினார். படி பொதுப் பகுதி. அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டியது சங்கத்தின் கடமை. பனி அள்ளுகிற ஒப்பந்தக்காரர் தவறியிருந்தால் பழி அவர் பக்கம் போகும். தனி உரிமையாளர் ஒருவர் செய்த காரியத்தால் பனி உறைந்திருந்தால் சங்கம் அதை அந்த உரிமையாளர் மேல் திருப்பும், அவருடைய வீடுவரைக்கும் போகும். பிறகு கேட்டார்: அந்தப் பனி எங்கிருந்து வந்தது என்று யாருக்காவது தெரியுமா?

திரையில் எல்லா முகமும் என்னைப் பார்ப்பது போல இருந்தது. உண்மையில் எல்லோரும் அவரவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேமராவுக்கு இந்தப் பக்கம் சேகர் நின்றுகொண்டு வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் மைக்கைத் திறக்கவில்லை. கூட்டக் குறிப்பு எழுதவேண்டியது செயலாளர். "காரணம் தெரியவில்லை, இயற்கையாக உறைந்த பனி என்று கருதப்படுகிறது" என்று நான்தான் தட்டச்சு செய்தேன்.

வக்கீல் இன்னொன்றும் சொன்னார். அடிபட்டவரை யாரும் போய்ப் பார்க்கக் கூடாது. பூ அனுப்பக் கூடாது. மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவே கூடாது, அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும்.

கூட்டம் முடிந்ததும் சேகரிடம், "நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேங்க. உண்மைய சொல்லிட்றேன்" என்றேன்.

"வாய தொறக்காத தனம். ஊட்ட எயிதி வாங்கிடுவாங்க. இந்த வயசுல பொட்டிய தூக்கிகினு எங்க போறது?"

"அவங்க நம்மள மதிச்சவங்க."

"ஆங், மதிச்சவங்கதான். புள்ள கேஸ் போட்டுக்கீறான்ல?"

அவர் சொன்னதைக் கேட்டு எனக்குள் ஏதோ ஒன்று நிம்மதி அடைந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

6

அந்த ஜனவரி முழுக்க எனக்குப் பாவா ஞாபகமாகவே இருந்தது. பாவா என்றால் அக்கா வீட்டுக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர். வெகு நாள் முன்பு கே.ஜி.கண்டிகையில் டீக்கடை எதிரே ஒரு காய்கறிக்காரம்மாவை இடித்துவிட்டார். கை உடைந்துவிட்டது. அன்று சாயந்திரமே திருத்தணி ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். அந்த அம்மாவின் தம்பிகள் வெளியே இழுத்துப்போட்டு அடித்தார்கள். மறுநாள் வீங்கிய முகத்தோடு பன்னும் பாலும் வாங்கிக்கொண்டு திரும்பப் போனார். மறுபடியும் அடித்தார்கள், முதல் நாள் அளவுக்கு இல்லை. மூன்றாம் நாள் போனபோது ஒரு தம்பி ஸ்டூலை நகர்த்திப் போட்டான்.

"அடிக்கிறாங்கன்னு தெரிஞ்சிகினே எதுக்கு மாமா போற?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பின்ன? கேஸு கீஸு எல்லாம் அப்பறம். இடிச்சவன் மூஞ்சிய காட்டாம இருந்தா அந்தம்மா இன்னான்னு நெனைக்கும்?" என்றார் பாவா.

ஒரு வாரத்தில் அந்தக் காய்கறிக்காரம்மா பாவாவையே மாத்திரை வாங்க அனுப்பி வேலை வாங்க ஆரம்பித்துவிட்டது. "இட்லி கல்லு மாரி கீது, நாளைக்கு வேற கடையில வாங்கியா" என்று அதிகாரம் வேறு. எங்கள் வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். இடித்தவர் மூஞ்சியைக் காட்டினார், அடிபட்டவர் திட்டித் தீர்த்தார், அவ்வளவுதான். இங்கே இருவருக்கும் நடுவில் நின்றது ஒரு சங்கம், இரண்டு வக்கீல், ஒரு காப்பீட்டு நிறுவனம்.

7

லூர்தம்மா வீடு திரும்பவில்லை. இடுப்பில் அறுவை செய்தார்கள், பிறகு நடக்க முடியாமல் முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். பஸ்ஸில் பன்னிரண்டே நிறுத்தம். நான் வேலைக்குப் போகும் வழிதான். தினமும் அந்தக் கட்டடத்தைக் கடந்துதான் போனேன்.

பனி அள்ளும் ஒப்பந்தக்காரர் ஒரு நாள் என் கதவைத் தட்டினார். அவரும் எங்கிருந்தோ வந்து பிழைப்பவர்தான், தம்பியோடு சேர்ந்து ஒரு பழைய வண்டி வைத்துத் தொழில் செய்தவர். "மேடம், நீங்கள் இங்கேயே இருப்பவர். அன்றைக்குப் பனியே பெய்யவில்லை. இந்தப் படியைத் தவிர மற்ற வீட்டுப் படியெல்லாம் காய்ந்து கிடந்தது. இதை மட்டும் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டார். மேனேஜரைக் கேளுங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். பிப்ரவரியில் அவருடைய ஒப்பந்தத்தை ரத்து செய்யும் கடிதமும் என் கையெழுத்தில்தான் போயிற்று. நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். இப்போது என் ஆங்கிலத்தில் யாரும் குறை சொல்ல முடியாது.

பிருந்தாவுக்கு எல்லாம் தெரியும், அன்று படம் எடுத்தவளே அவள்தான். அந்தப் படங்களை அழிக்கச் சொன்னேன். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, என் முன்னாலேயே ஒவ்வொன்றாக அழித்தாள். அவளுக்கு ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், சாப்பிட்டுக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னாள்: "அம்மா, இந்த மாகாணத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. நீ ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டால் அதைக் கோர்ட்டில் உனக்கு எதிராகச் சாட்சியாக வைக்க முடியாது. உங்கள் வக்கீலுக்கு இது தெரியாமல் இருக்காது. அவர்கள் எப்போதும் ஜாக்கிரதையாகத்தான் சொல்வார்கள்." பிறகு தமிழில், "நீ போலாம்மா" என்றாள். அவள் தமிழில் பேசி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

அந்த இரண்டு சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் அடுத்த ஞாயிறும் நான் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. சட்டம் தடுக்கிறது என்று சொல்லிக்கொள்வது அதுவரை எனக்கு வசதியாக இருந்தது. சட்டம் வழிவிட்டதும், தடுத்தது சட்டமே இல்லை என்பது எனக்கே தெரிந்துபோயிற்று. அந்த அம்மாள் என்னைப் பார்க்கப்போகிற பார்வைக்குப் பயந்தேன். இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்ற கேள்விக்குப் பயந்தேன். ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போடப் போட அந்தக் கேள்வியும் ஒரு வாரம் கனத்தது. பிருந்தா வருவது மறுபடியும் குறைந்தது. இந்த முறை ஏன் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வருடம் வசந்தத்தில் வக்கீலிடமிருந்து போர்டுக்கு ஒரு மின்னஞ்சல். லூர்தம்மாவை இல்லத்திலேயே வைத்து உறுதிமொழி வாங்கி வாக்குமூலம் எடுத்தார்களாம், அதன்பிறகு வழக்கு திரும்பப் பெறப்பட்டதாம். கூடவே நாற்பது பக்க இணைப்பு. சங்கத்துக்கு வரும் காகிதத்தில் ஒரு வரி விடாமல் படிக்கிற நான் அந்த இணைப்பைத் திறக்கவில்லை. சேகர் அன்று தானாகவே கடைக்குப் போய் ஜிலேபி வாங்கிவந்தார். நானும் சாப்பிட்டேன்.

8

இந்த அக்டோபரில் லூர்தம்மா இறந்துபோனார். செய்தியைச் சங்கத்தின் தகவல் பலகையில் ஒட்டியது நான்தான். இறுதிப் பூசைக்குப் போகவில்லை. வேலை இருந்தது என்று எழுதலாம், ஆனால் வேலை இல்லை.

போன வாரம் டோனி வீட்டைக் காலி செய்ய வந்தான். சாமான் பெட்டிகளைத் தளத்தில் அடுக்கிக்கொண்டிருந்தான். நான் வேலையிலிருந்து திரும்பி மேலே ஏறும்போது வேறு வழியில்லாமல் எதிரே வந்து நின்றேன். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவனோ கையுறையைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்தான்.

"அம்மா உங்களைப் பற்றித்தான் எப்போதும் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பத்து மணிக்குள் தலை சீவிவிடச் சொல்லி நர்ஸைப் படுத்துவாள், டானா வருவாள் என்று. சங்கத்துக்காரர்கள் உங்களைத் தடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவளிடமும் அதைத்தான் சொன்னேன்."

நான் ஏதோ முனகினேன்.

"ஒன்று மட்டும் எனக்கு இன்னும் புரியவில்லை" என்றான். "வாக்குமூலத்தில், அந்தப் படியில் தண்ணீர் ஊற்றிக் கழுவியது தான்தான் என்று சொல்லிவிட்டாள். சத்தியம் செய்துவிட்டுச் சொன்னாள். என் வக்கீல் நான்கு விதமாகக் கேட்டுப் பார்த்தார், மாறவே இல்லை. அதற்குப் பிறகு வழக்கு எங்கே நிற்கும்? தோள் தேய்ந்துபோய் ஒரு வாளியைத் தூக்க முடியாத பெண் அவள். பொய் சொன்னால் பாவம் என்று வாழ்நாள் முழுக்கப் பயந்தவள். யாரையோ காப்பாற்றத்தான் சொன்னாள். யாரை என்று சாகும்வரை சொல்லவில்லை." என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை. "நீங்கள் பக்கத்து வீடு. சங்கத்தில் செயலாளர். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

வழக்கு முடிந்துவிட்டது. வீட்டை யாரும் கேட்கப் போவதில்லை. சேகர் அங்கே இல்லை. வக்கீல் இல்லை, மைக் இல்லை, குறிப்பெழுத ஒன்றுமில்லை. தாயை இழந்த ஒரு மனிதன் அவளைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். அதற்குப் பதில் தெரிந்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் மிச்சம், என் வீட்டாரை விட்டால்.

"தெரியாது" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, படிப்படியாகப் பார்த்து இறங்கிப் போனான். நான் வீட்டுக்குள் வந்து சோறு வைத்தேன்.

நான்கு நாள் கழித்து இன்றைக்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை, வாளிக் கணக்கு உட்பட எல்லாம் எழுதிவிட்டேன். தமிழில் எழுதியிருக்கிறேன். டோனிக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.